ஆளுக்கொரு சல்லடை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்னஞ்சல் மோசடியில் சேமிப்பை இழந்தவர்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு இந்தப் பகுதியில் எழுதிய வாசகர், சங்கங்களும் ஆலயங்களும் தங்கள் மின்னஞ்சல் வடிகட்டியை உச்சக் கடுமைக்கு மாற்றிவிட வேண்டும் என்று யோசனை சொல்லியிருந்தார். அவருடைய பதைப்பு எனக்குப் புரிகிறது. மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழைத்துவிட்டு அழுதபடி உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் இருந்திருக்கிறேன். ஆனால், அந்த யோசனையை அப்படியே செய்து பார்த்து அடிபட்டவர்கள் நாங்கள்.

2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று இருந்த பெஸ்தாரி ஜெயாவில், தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்காக ஒரு கல்விக் கழகம் நடத்துகிறோம். கழகத்தின் பெயரில் 43 மின்னஞ்சல் முகவரிகள் இருக்கின்றன. பொருளாளருக்கு ஒன்று, கடனுதவிக் குழுவுக்கு ஒன்று, டியூஷன் ஆசிரியர்களுக்குச் சில. மற்றவை எஸ்டிபிஎம் என்ற பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வை முடித்து மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுடையவை. வீட்டில் கைப்பேசி எண் மாறிக்கொண்டே இருக்கும், முகவரியாவது நிலையாக இருக்கட்டும் என்றுதான் கொடுத்தோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொருளாளருக்கு ஒரு போலி விலைப்பட்டியல் வந்தது. நல்லவேளையாகப் பணம் போகவில்லை. பயந்துபோய், எங்கள் மின்னஞ்சலைப் பராமரித்த நிறுவனத்திடம் கடுமையாக்கச் சொன்னோம். அவர்கள் பயன்படுத்தியது ஸ்பாம்அசாசின் என்ற வடிகட்டி மென்பொருள். வரும் கடிதத்தை அது நூற்றுக்கணக்கான விதிகளால் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டும். கூட்டுத்தொகை 5-ஐ எட்டினால் குப்பை அஞ்சல் என்பது அதன் இயல்பான எல்லை. அந்த நிறுவனம் 43 முகவரிக்கும் ஒரே அடியாக 3 என்று வைத்தது. அதைத் தாண்டியவற்றை யாருக்கும் சொல்லாமல் அழிக்கவும் செய்தது.

செம்பனைக் குலை வெட்டும் ஒருவரின் மகளுக்கு உதவித்தொகை நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு அந்த மாதத்தில்தான் வந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. ‘ஏன் வரவில்லை?’ என்று அங்கிருந்து தொலைபேசியில் கேட்டபோது தேர்வு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. மூன்று முறை கேட்ட பிறகு நிறுவனம் பதிவேட்டிலிருந்து ஒரே ஒரு வரியை அனுப்பியது: மதிப்பெண் 3.4, எல்லை 3, நீக்கப்பட்டது. தலைப்பு முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்ததற்கும், அனுப்பிய சர்வரின் எண்ணுக்குரிய பெயர்ப்பதிவு சரியாக இல்லாததற்கும் விழுந்த புள்ளிகள் அவை. அவள் செய்த பிழை அதில் எதுவுமில்லை.

என் அப்பா தோட்டத்துக் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக, இருந்தவர். ஆபீசுக்கு வரும் தபாலை லயத்து எண் பார்த்து மரத்தட்டில் பிரித்து வைப்பார். வட்டிக்கடைக்காரரின் கடிதம் ஒரு வீட்டுக்குத் தொல்லை, இன்னொரு வீட்டுக்கு அடகு மீட்கக் கடைசி நாள் என்பது அவருக்குத் தெரியும். எதையும் அவர் கிழித்துப் போட்டதில்லை.

நான் கணினி வேலை பார்ப்பவள். மின்னஞ்சல் பராமரிப்பை நானே எடுத்துக்கொண்டு, கடிதத்தை வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், அதை வடிகட்டியிடம் கொடுத்து முடிவெடுக்கும் அமாவிஸ், புள்ளி போடும் ஸ்பாம்அசாசின் மூன்றையும் கொண்டு எங்கள் சர்வரை அமைத்தேன். அமாவிஸில் ஒவ்வொரு பெறுநருக்கும் தனி எல்லை வைக்கலாம். முதலில் முழு முகவரிக்கு விதி இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் கழகத்துக்குப் பொதுவான விதியை எடுத்துக்கொள்ளும். பொருளாளருக்கு 4. கடனுதவிக் குழுவுக்குக் கடன், வட்டி, தவணை என்ற சொற்கள்தான் அன்றாட வேலை என்பதால் 6.5. பிள்ளைகளுக்கு 8. எல்லை தாண்டியவை அவரவர் ‘நிறுத்தி வைத்தவை’ பெட்டியில் 30 நாள் இருக்கும்.

இல்லாத முகவரிக்கு வருவதை வாசலிலேயே 550, அதாவது ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்ற மறுப்பு எண்ணைச் சொல்லித் திருப்பிவிடுகிறோம். எந்தச் சல்லடையும் ஓடாமலே பெருங்குப்பை அங்கே நின்றுவிடுகிறது.

இந்த வேலையை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே கடிதம் மூன்று பேருக்கு ஒன்றாக வரலாம். அனுப்பும் சர்வர் பெறுநர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஏற்கவோ மறுக்கவோ முடியும். கடிதம் முழுவதும் வந்த பிறகு மூவருக்கும் சேர்த்து ஒரே பதில்தான். பொருளாளருக்கு மறுத்து மாணவிக்கு ஏற்க அங்கே வழியில்லை. அதனால் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே ஆள்வாரியாகப் பிரித்துத் தீர்மானிக்க வேண்டும். வாங்கிய பிறகு ‘திருப்பி அனுப்புகிறேன்’ என்று கிளம்பவும் கூடாது. குப்பை அஞ்சலில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய். எவரோ ஓர் அப்பாவியின் பெட்டியில் போய் அது நிரம்பும்.

ஆளுக்கு ஆள் கற்றுக்கொள்ளும் வசதியும் ஸ்பாம்அசாசினில் உண்டு. ஆனால் 200 நல்ல கடிதமும் 200 குப்பையும் காட்டும் வரை அந்தப் பகுதி வாய் திறக்காது. வாரத்துக்கு இரண்டு கடிதம் வரும் பிள்ளைக்கு அது எந்தக் காலத்தில் நிறையும்? பிள்ளைகள் அனைவருக்கும் பொதுவாக ஒரே நினைவகம் வைத்து, தமிழ்ப்பள்ளிச் சுற்றறிக்கைகளையும் ஆலய அழைப்புகளையும் நல்ல கடிதங்களாகக் காட்டிப் பழக்கினேன். ஆங்கிலமும் மலாயும் மட்டுமே பார்த்த வடிகட்டிக்கு நம் எழுத்து அந்நியம்.

போஸ்ட்மாஸ்டர் என்ற முகவரியை மட்டும் எந்த வடிகட்டியும் மறிக்காதபடி திறந்தே வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சர்வரும் அந்தப் பெயருக்கு வரும் கடிதத்தை ஏற்க வேண்டும் என்பது மின்னஞ்சல் நெறியிலேயே இருக்கிறது. தடுக்கப்பட்டவர் முறையிட ஒரு கதவு வேண்டாமா?

மின்னஞ்சல் பராமரிப்புக்குப் பணம் கட்டும் சங்கத்துப் பொறுப்பாளர்கள் நாளைக்கே மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் எல்லை எண் என்ன? அதைத் தாண்டிய கடிதம் எங்கே போகிறது? அதை முகவரிவாரியாக மாற்றித் தருவீர்களா? ‘அதெல்லாம் தானாக நடக்கிறது’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

அந்தப் பெண் இந்த ஆண்டு மீண்டும் விண்ணப்பித்திருக்கிறாள். மாலையில் வகுப்பு முடிந்ததும் நிறுத்தி வைத்தவை பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு தலைப்பாகத் தானே பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாள்.

இப்படிக்கு,
கிராணி மகள்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.