செல்போன் பாடம் சரி, பொம்மை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கும் செவிலியர் நான். எங்கள் பயிற்சிகள் ஒவ்வொன்றாகச் செல்போனுக்கு மாறி வருகின்றன. அதில் எனக்கு வருத்தம் இல்லை. முன்பு ஒருவர் மாவட்டத் தலைநகருக்குப் பயிற்சிக்குப் போனால் இன்னொருவர் டபுள் டியூட்டி பார்க்க வேண்டும். 2020-இல் கொரோனா வந்தபோது மத்திய அரசின் ஐகாட் என்ற ஆன்லைன் பயிற்சித் தளம் கைகொடுத்தது. கவச உடையைக் கழற்றும் முறையை வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் பழகினோம். அந்த நேரத்தில் நேரில் வந்து யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

பிறந்ததும் அழாத குழந்தை விஷயம் அப்படி இல்லை. முதல் நிமிடத்துக்குள் மூச்சு கொடுக்கத் தொடங்க வேண்டும், முகத்தில் வைக்கும் மாஸ்க்கோடு இணைந்த காற்றுப் பையை நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை அழுத்த வேண்டும் என்பதெல்லாம் வீடியோவில் தெளிவாகவே வருகிறது. ஆனால் மாஸ்க் மூக்கோரம் ஒரு நூல் விலகினாலும் காற்று வெளியே போய்விடும், நெஞ்சு எழும்பாது. சரி என்று இறுக்கி அழுத்தினால் தலை குனிந்து மூச்சுவழி அடைபடும். இரண்டு விரல் மாஸ்க்கைப் பிடிக்க, மற்ற விரல்கள் தாடையைத் தாங்க, எவ்வளவு அழுத்தலாம் என்பது கைக்குத்தான் தெரியும். பிரசவம் குறைவான எங்கள் நிலையத்தில் இப்படிக் குழந்தை எப்போதோதான் பிறக்கும். பழகிய கையும் மறந்துவிடும். அதற்கென்றே, தண்ணீர் நிரப்பினால் பச்சைக் குழந்தையின் கனம் வரும் பயிற்சி பொம்மைகள் இருக்கின்றன.

இப்போது நடப்பது வேறு. ஓ.பி. சீட்டு எழுதும் மேஜையில் சத்தத்தை நிறுத்திவிட்டு வீடியோ ஓடுகிறது. கடைசியில் வரும் கேள்விகள் ஆங்கிலத்தில். விடைகள் அதற்கு முன்பே வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிடும். "இன்னும் சர்டிபிகேட் போடாதவர்கள் யார்?" என்று மேலே இருந்து மெசேஜ் மட்டும் தவறாமல் வருகிறது. யாருக்குக் கை பழகியிருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

கேள்விகள் தமிழில் வரட்டும். பாடம் பார்க்கும் நேரம் பணி நேரமாகக் கணக்கில் வரட்டும். நைட் டியூட்டி முடித்து வீட்டுக்குப் போய், சொந்த டேட்டாவில் பார் என்பது நியாயமில்லை. அப்புறம், வட்டாரத்துக்கு ஒரு பொம்மையும் பையும் மாஸ்க்கும் கொடுங்கள். மாதக் கூட்டத்துக்கு எப்படியும் எல்லோரும் வருகிறோம். மருத்துவ அலுவலர் முன்னால் ஆளுக்குப் பத்து நிமிடம் செய்து காட்டுகிறோம். நெஞ்சு எழும்பினால் சர்டிபிகேட் தரட்டும்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்)