படம் போடாத வேண்டுகோள்

அன்புள்ள சங்கரனுக்கு,

உன் கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்கு நீ எவ்வளவு திட்டினாலும் தகும். திட்டி முடித்துவிட்டு மேலே படி. வீட்டில் அனைவரும் நலம். மகளுக்கு ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தது. மருந்து செலுத்துவதற்காக நெஞ்சில் தோலுக்கடியில் வைத்திருந்த போர்ட் என்னும் சிறு கருவியையும் எடுத்துவிட்டார்கள்.

கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கக் கூசுகிறவன் என்று நீ கேலி செய்வாயே, அதே ஆள் இப்போது குழந்தைகளின் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் பணம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் முறையும் வரும்.

“பிள்ளைதான் பிழைத்துவிட்டாளே, இனி எதற்கு?” என்று நம் தத்துவஞானி கேட்டார். அவளைக் காப்பாற்றிய மருந்துகளின் வயதைச் சொன்னேன். மெர்காப்டோப்யூரின் 1953இலும், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் 1963இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. அவற்றை எந்த அளவில், எதனோடு சேர்த்துக் கொடுப்பது என்று பல்லாண்டுகள் ஆராய்ந்ததால்தான் அவளுக்கு வந்த வகை ரத்தப் புற்றுநோயிலிருந்து, வசதியுள்ள நாடுகளில், நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு குழந்தைகள் மீள்கிறார்கள். ஆனால் வின்கிரிஸ்டின் நரம்பைத் தாக்கியதில் பாதம் தூக்க முடியாமல், செருப்பின் முனை தரையில் உரச உரச அவள் நடந்ததை நீ பார்க்கவில்லை. அவளுக்குக் கொடுத்த இன்னொரு மருந்தான டாக்ஸோரூபிசின் பிற்காலத்தில் இதயத்தைப் பலவீனப்படுத்தலாம் என்பதால் எக்கோ என்னும் இதயப் பரிசோதனை தொடர்கிறது. அடுத்த படுக்கையில் இருந்த சிறுவனுக்கோ மூளைத்தண்டில் டிஐபிஜி என்னும் கட்டி. அதைக் குணப்படுத்தும் மருந்தே இன்றுவரை இல்லை. நோயாளிகள் குறைவு என்பதால் மருந்து நிறுவனங்களுக்கு இதில் ஆதாயமும் குறைவு. ஆகவே அரசுப் பணத்தையும் நன்கொடையையும்தான் பெரிதும் நம்பவேண்டியிருக்கிறது. தத்துவஞானி வாயடைத்துப்போனார், நீ நம்பமாட்டாய்.

என்னை அரிப்பது வேறொன்று. மொட்டைத் தலையோடு மகள் படத்தைப் போட்டால் பணம் கொட்டும் என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். அவளைக் கேட்டேன். “நான் நோட்டீஸ் இல்லை, அப்பா” என்று சொல்லிவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டாள்.

பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்தால் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் தற்காலிகமாகவேனும் அடங்குகிறது என்று அறிவித்த அதே 1948இல், அவருடைய நோயாளிச் சிறுவன் ஒருவன் பேஸ்பால் வீரர்களோடு பேசியதை வானொலியில் ஒலிபரப்பி நிதி கேட்டார்கள். இருபதாயிரம் டாலர் கேட்ட இடத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் சேர்ந்தது. அவனுக்கு ஜிம்மி என்று புனைபெயர் வைத்திருந்தார்கள். உண்மைப் பெயர் 1998இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. இதை நினைத்துச் சற்று ஆறுதலடைகிறேன். உடனே, அந்தக் குரல் அவனுடையதுதானே, அதைக் கடன் வாங்கலாமா என்றும் குழம்புகிறேன். எங்கள் வேண்டுகோளில் அவள் படமும் இராது, பெயரும் இராது. பணம் குறைவாகத்தான் வரும் என்று தெரிந்தே எடுத்த முடிவு இது. ஆனால் அந்தக் குறைவு வேறொரு குழந்தையின் தலையில் விடியுமோ என்று இரவில் புரண்டுகொண்டிருக்கிறேன்.

வேண்டுகோளின் வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். அழுகையாகத் தோன்றும் வரிகளை அடித்துவிட்டு, மருந்துகளைப் பற்றிய பகுதி தத்துவஞானிக்கும் புரியும்படி இருக்கிறதா என்று பார்த்து, இந்த வாரத்துக்குள் அனுப்பு. காசோலையையும் கூடவே வை.

உன்,
ரகு