உழைத்த பணத்துக்கே வட்டி கட்டுகிறார்கள்: மனிதவள அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் வட்டாரத் தொழிற்சாலைகளில் மனிதவளத்தையும் சம்பளக் கணக்கையும் கையில் வைத்திருக்கும் உங்களுக்கும், உங்களுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நானும் இதே வட்டாரத்தில் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் இருப்பவன். மாதம் இருபதாம் தேதி தாண்டினால் நம்மிடம் வேலை பார்க்கும் பிள்ளைகள் லோன் ஆப்பைத் திறக்கிறார்கள். சம்பளம் வந்ததும் கட்டிவிடலாம் என்று நினைத்துத்தான் வாங்குகிறார்கள். அதைத் தடுக்க ரிசர்வ் வங்கியால் முடிந்ததைவிட, போலீசால் முடிந்ததைவிட, உங்களால் அதிகம் முடியும். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஒரு பையன் காட்டிய கணக்கை முதலில் சொல்கிறேன். ஊர் திருவண்ணாமலைப் பக்கம். நான்கு பேரோடு சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். பிடித்தம் போக கையில் வருவது 16,000 ரூபாய். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டிலிருந்து போன் வந்ததும் ஆப்பில் 5,000 கேட்டிருக்கிறான். பத்து நிமிடத்தில் பணம் வந்துவிட்டது. ஆனால் வங்கிக் கணக்கில் விழுந்தது 3,100தான். பிராசஸிங் ஃபீஸ், சர்வீஸ் சார்ஜ் என்று 1,900 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டார்கள். ஏழாவது நாள் முழுசாக 5,000 கட்ட வேண்டும். திரையில் வட்டி என்று காட்டியது மிகச் சின்னத் தொகை. உண்மையில் 3,100 ரூபாயை ஒரு வாரம் வைத்திருக்க 1,900 ரூபாய். வாரத்துக்கு 61 சதவீதம். அதை வருடக் கணக்குக்கு மாற்றினால் 3,000 சதவீதத்தைத் தாண்டும். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே 2003-ல் தமிழ்நாட்டில் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். அந்த வட்டிக்காரர்கள்கூட இந்த விகிதத்தைக் கேட்டால் தயங்குவார்கள்.

சரி, ஒரு தடவை ஏமாந்தான், விட்டுவிடலாம் என்றால் அப்படி முடிவதில்லை. சம்பளம் 16,000 வருகிறது. முதல் நாளே 5,000 போய்விடுகிறது. மீதி 11,000-ல் அறை வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் நடக்க வேண்டும். போன மாதம் இருபத்திரண்டாம் தேதி வந்த பற்றாக்குறை, இந்த மாதம் பதினைந்தாம் தேதியே வந்துவிடுகிறது. அப்போது கேட்க வேண்டிய தொகையும் கூடுகிறது. முதல் ஆப்பைக் கட்ட இரண்டாவது ஆப், அதைக் கட்ட மூன்றாவது. கடன் வாங்கிய காரணம் இரண்டாம் மாதமே மறைந்துவிடுகிறது. அதற்கப்புறம் வாங்குவதெல்லாம் கடனைக் கட்டுவதற்கான கடன். அவன் சோம்பேறியும் இல்லை, ஊதாரியும் இல்லை. ஒரு நாள் லீவு போடாமல் ஷிஃப்ட்டுக்கு வந்துகொண்டேதான் இந்தப் பள்ளத்தில் இறங்கினான்.

இதெல்லாம் திருட்டு ஆப், முறையான நிறுவனத்தில் வாங்கினால் இப்படி ஆகாது என்று நீங்கள் சொல்லக்கூடும். பாதி உண்மை. ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தேடிப் பார்த்தபோது இந்தியர்களைக் குறிவைத்து சுமார் 1,100 லோன் ஆப்கள் இருந்தன. அதில் 600 சட்டவிரோதமானவை. 2022 செப்டம்பரில் விதிமுறை வந்தது. கடன் நேராக வாங்குபவரின் கணக்குக்கே போக வேண்டும், போனில் உள்ள தொடர்பு எண்களை ஆப் தொடக்கூடாது, எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்ட வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. 2025 ஜூலை முதல், முறையான கடன் நிறுவனங்களின் ஆப் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்திலேயே இருக்கிறது. இவை நல்ல காரியங்கள். ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால் வட்டி குறைவு என்று அர்த்தமில்லை. 10,000 ரூபாய் கடன், மாதம் 3 சதவீத வட்டி, 500 ரூபாய் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் வருவது 9,410. முப்பதாம் நாள் கட்டுவது 10,300. ஆண்டுக் கணக்கில் இது 100 சதவீதத்துக்கு மேல். இதில் எதுவும் சட்டவிரோதம் இல்லை. வங்கியில் நகையை வைத்தால் ஆண்டுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் வட்டி. நகை இல்லாதவன்தான் ஆப்புக்குப் போகிறான்.

வாங்குபவர்களுக்குப் பொறுப்பு இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. அதை நான் மழுப்ப மாட்டேன். எங்கள் பிள்ளைகளிடமும் இதையே சொல்கிறேன். வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். வாங்கும் முன் அந்த ஒரு தாளைப் படி. 'கையில் எவ்வளவு வரும், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்' என்ற இரண்டு எண்ணை மட்டுமாவது பார். அந்தத் தாளே தராத ஆப்பைத் தொடாதே. வாங்கி ஒரு நாளுக்குள் மனசு மாறினால், அசலையும் அந்த ஒரு நாளுக்கான வட்டியையும் கட்டி அபராதம் இல்லாமல் வெளியே வர உனக்கு உரிமை இருக்கிறது. கட்டணத்தில் கொஞ்சம் போகலாம், போகட்டும். புது போனுக்கும் ஆன்லைன் ரம்மியில் விட்டதைப் பிடிக்கவும் கடன் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசியும் இருக்கிறேன். அடுத்த மாதச் சம்பளத்தில் எந்தச் செலவைக் குறைத்து இதைக் கட்டப்போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்தக் கடனை வாங்கக்கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் பொறுப்பு என்று பேசும்போது கணக்கை முழுசாகப் போட வேண்டும். ஒன்றாம் தேதி செய்த வேலைக்கு அடுத்த மாதம் ஏழாம் தேதி சம்பளம் போடுகிறோம். ஊதியச் சட்டத் தொகுப்பு அதுவரை அவகாசம் கொடுக்கிறது, சரி. அப்படியென்றால் அந்த ஒரு நாள் கூலி ஐந்து வாரத்துக்கு மேல் நிறுவனத்திடம் இருக்கிறது. இருபதாம் தேதி அந்தப் பையன் லோன் ஆப்பைத் திறக்கும்போது அவன் ஏற்கெனவே உழைத்து முடித்த 10,000 ரூபாய்க்கு மேல் உங்கள் கணக்கில்தான் கிடக்கிறது. அதற்கு நீங்கள் அவனுக்கு வட்டி தருவதில்லை. அதே நேரத்தில் அவன் வெளியே போய் 3,100 ரூபாய்க்கு 1,900 ரூபாய் கட்டுகிறான். முதலில் கடன் கொடுத்தது அவன். அந்தக் கடனில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்க அவனுக்கு வழியில்லை. கேட்டால் சூப்பர்வைசர் கையெழுத்து, காரணம் எழுதிய கடிதம், மேலாளர் அனுமதி, அப்புறம் 'அட்வான்ஸ் கேட்கிற பையன்' என்ற பெயர். ஆப் இதில் எதையும் கேட்பதில்லை. அதனால்தான் ஆப் ஜெயிக்கிறது.

என் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதி, அதுவரை வேலை பார்த்த நாட்களின் சம்பளத்தில் பாதி வரை, கேட்பவர்களுக்கு வட்டியில்லாமல் கொடுங்கள். காரணம் கேட்க வேண்டாம். சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டாம். கணக்குப் பிரிவுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும் என்று வைத்துவிடுங்கள். அந்த மாதச் சம்பளத்திலேயே கழித்துக்கொள்ளுங்கள். முன்பணத்தைச் சம்பளத்தில் பிடிக்க ஊதியச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. வராக்கடன் ஆகும் பயமும் இல்லை. நீங்கள் கொடுப்பது அவன் ஏற்கெனவே சம்பாதித்ததைத்தான்.

செலவு எவ்வளவு ஆகும் என்றுதான் முதலாளி கேட்பார். 300 பேர் வேலை செய்யும் இடத்தில் 100 பேர் ஆளுக்கு 4,000 ரூபாய் எடுக்கிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 4 லட்சம். மாதக் கடைசியில் சம்பளம் போடும் நிறுவனம் என்றால் அது பத்து நாள் முன்னால் போகிறது. அந்தப் பணத்தை வங்கியில் ஓவர்டிராஃப்ட் என்ற குறுகிய காலக் கடனாக 10 சதவீத வட்டிக்கு எடுத்தாலும் ஆகும் செலவு சுமார் 1,100 ரூபாய். ஏழாம் தேதி போடுபவர் என்றால் அதைப்போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. நூறு பேருக்குச் சேர்த்துத்தான் இது. அந்த ஒரு பையன் ஒரே ஒரு கடனுக்குக் கொடுத்த 1,900 ரூபாய்க்குள் உங்கள் தொழிற்சாலை முழுவதற்கும் ஒரு மாதம் ஓடிவிடும். இந்தக் கணக்கை உங்கள் நிதிப் பிரிவிடம் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதே வசதியைச் செய்து தருகிறோம் என்று ஆப் நிறுவனங்கள் உங்களையும் தேடி வரும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் தொழிலாளியிடம் கட்டணம் பிடிப்பார்கள். அது வேண்டாம். சொந்தச் சம்பளத்தைப் பத்து நாள் முன்னால் எடுக்க ஒருவன் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? வருகைப் பதிவு நம்மிடம் இருக்கிறது, வங்கிக் கணக்கு எண் நம்மிடம் இருக்கிறது. இடையில் யாரும் தேவையில்லை.

முன்பணத்தோடு இன்னொன்றையும் சேர்த்துச் சரிசெய்யுங்கள். மருத்துவச் செலவுக்குக் கடன் வாங்கியவர்களில் பலருக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடித்தம் போய்க்கொண்டேதான் இருக்கிறது. தன்னைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதில் சிகிச்சை கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. குடும்பத்தார் பெயரை யாரும் பதிவு செய்திருக்கவே மாட்டார்கள். பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதிக் கணக்கிலிருந்து மருத்துவத்துக்கு முன்பணம் எடுக்கலாம். விண்ணப்பித்தால் நிராகரிப்பு வருகிறது. ஏனென்று பார்த்தால் ஆதாரில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து பின்னால் இருக்கும், பி.எஃப். கணக்கில் முன்னால் இருக்கும். அல்லது பிறந்த தேதி மாறியிருக்கும், வேலையை விட்ட தேதியைப் பழைய ஒப்பந்ததாரர் ஏற்றாமலே போயிருப்பார். இந்தத் திருத்தங்களுக்கு அலையும் நேரத்தில் ஆப் பத்து நிமிடத்தில் பணம் கொடுத்துவிடுகிறது. ஆள் சேர்க்கும் அன்றைக்கே பெயரை ஒத்துப்பார்த்து, குடும்ப விவரத்தையும் ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. இது நம் வேலை. தொழிலாளி செய்ய வேண்டிய வேலை இல்லை.

வசூல்காரர்கள் தொழிற்சாலைக்குப் போன் செய்யும்போது நடப்பதைப் பற்றியும் எழுதியாக வேண்டும். தொடர்பு எண்களைத் திருடி, படத்தை ஆபாசமாக மாற்றி, மேலாளரிலிருந்து தங்கை வரைக்கும் அனுப்புகிறார்கள். இந்த அவமானம் தாங்காமல் தமிழ்நாட்டில் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு போன் வந்ததும் 'கம்பெனி பெயர் கெடுகிறது' என்று ஆளை நிறுத்தி அனுப்புவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கடனுக்கு மிரட்டப்படுபவனின் ஒரே வருமானத்தையும் பிடுங்கினால் அவன் எங்கே போவான்? காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யக்கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசும் 2025-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. போன் வந்தால் அவனைப் பற்றி ஒரு தகவலும் கொடுக்காதீர்கள். எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அவனைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தே போன் போடவையுங்கள். பதிவில்லாத ஆப் என்றால் ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்திலும் புகார் கொடுக்கலாம். வேலை போகாது என்று முதலில் சொல்லுங்கள். பாதி பயம் அதிலேயே தெளிந்துவிடும்.

கொஞ்சம் பெரிய தேவைகளுக்கு, அதாவது தங்கை கல்யாணம், பிரசவம், வீட்டுக் கூரை போன்றவற்றுக்கு, அரை மாத முன்பணம் போதாது. அதற்குப் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் இருக்கிறது. அரசு ஊழியர்களும் பழைய ஆலைத் தொழிலாளர்களும் தலைமுறையாகப் பயன்படுத்திய ஏற்பாடு. மாதாமாதம் சிறு தொகை சேமிப்பு, அதிலிருந்தே உறுப்பினருக்குக் கடன், தவணை சம்பளத்தில் பிடித்தம். இந்தியாவின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கமே 1904-ல் நமக்குப் பக்கத்தில், திருவள்ளூர் மாவட்டம் திரூரில்தான் தொடங்கியது. இத்தனை ஆயிரம் பேர் வேலை செய்யும் இந்தத் தொழிற்பேட்டைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்ளும் சங்கம் எத்தனை என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

ஒப்பந்ததாரர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பத்தாம் தேதி, பன்னிரண்டாம் தேதி என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் புது ஆப்பில் பெயரைப் பதிகிறார். பில் பாஸ் ஆகவில்லை என்பது உங்களுக்கும், நீங்கள் ஆள் அனுப்பும் தாய் நிறுவனத்துக்கும் இடையிலான விஷயம். தாய் நிறுவனங்களும், ஒப்பந்ததாரர் சம்பளம் போடாவிட்டால் அதைக் கொடுக்க வேண்டிய சட்டப் பொறுப்பு தங்களுடையது என்பதை மறந்துவிட வேண்டாம்.

வரும் மாதம் இருபதாம் தேதிக்கு முன் ஒரு சுற்றறிக்கையைத் தமிழிலும் இந்தியிலும் அடித்து, நேரப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எவ்வளவு எடுக்கலாம், எந்த எண்ணுக்குச் செய்தி அனுப்ப வேண்டும், எத்தனை மணிக்குள் பணம் வரும் என்ற மூன்று விவரம் அதில் இருந்தால் போதும். பட்டியல் போடும் கூடுதல் வேலையை என்னைப் போன்றவர்கள் செய்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
சம்பளப் பிரிவு ஊழியர் ஒருவர்,
ஸ்ரீபெரும்புதூர்