செவ்வாய்க்கிழமை ஆட்டத்தைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் நீண்ட கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலையும் ஒழுங்காகப் போகிறது என்று முதல் நான்கு வரிகளில் எழுதிவிட்டு, மீதிப் பக்கங்கள் முழுவதிலும் லயன்ஸ் றக்பி அணியைக் கலைத்துவிட வேண்டும் என்று வாதாடியிருக்கிறாய். இதைத் தொலைபேசியில் பேசத் தொடங்கினால் நாம் இருவரும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கமாட்டோம் என்பது எனக்குத் தெரியும். அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

நீ சொல்வதில் உண்மை இருக்கிறது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கு அணிகளின் வீரர்களையும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றுசேர்த்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா என்று முறைவைத்து அனுப்பும் இந்த ஏற்பாடு இன்று பெரும் வியாபாரமாகிவிட்டது. கடனில் இருந்த அவுஸ்திரேலிய றக்பிச் சங்கம் 2025 இல் நடந்த பயணத்தின் வருமானத்தையே நம்பியிருந்தது. ஆண்டு முழுவதும் ஆடிக் களைத்த உடம்புகளை மேலும் பல வாரங்கள் வதைப்பது சரியா என்று கேட்கிறாய். ஒரு தாதியாக முப்பது ஆண்டுகள் வேலை செய்தவள் என்ற முறையில் அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

ஆனால் பணம் வந்துதான் லயன்ஸ் கெட்டது என்ற உன் வாதத்தை நான் ஏற்கமாட்டேன். 1888 இல் முதன்முதலாகக் கப்பலேறிய அணியை அனுப்பியவர்கள் றக்பிச் சங்கத்தார் அல்லர். ஆர்தர் ஷ்ரூஸ்பரி, அல்பிரட் ஷோ என்ற கிரிக்கெட் வீரர்கள் இலாபம் கருதி ஒழுங்குசெய்த பயணம் அது. 35 றக்பி ஆட்டங்கள் போதாதென்று, நீ இப்போது வாழ்கிற விக்டோரியாவின் கால்பந்து விதிகளின்படியும் அவர்களை ஆடவைத்தார்கள். அணித்தலைவர் ரொபர்ட் செடன் பயணத்தின் நடுவில் ஹண்டர் ஆற்றில் படகோட்டப் போய் மூழ்கி இறந்தார். மற்றவர்கள் தொடர்ந்து ஆடினார்கள். பணம் முதல் நாளிலிருந்தே கூட வந்திருக்கிறது. அந்தப் பணத்துக்கு ஈடாக, போன இடத்து மக்களுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது.

இந்த இடத்தில் உன் அம்மப்பாவைப் பற்றி நான் உனக்கு ஒருபோதும் சரியாகச் சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். 1950 இல் கார்ல் முலன் என்ற அயர்லாந்துக்காரரின் தலைமையில் போன அணி, நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலுமாக 29 ஆட்டங்கள் ஆடியது. இன்று நீ கடைகளில் காணும் சிவப்பு மேற்சட்டையை அவர்கள் முதன்முதலாக அணிந்தது அந்தப் பயணத்தில்தான். வேல்ஸுக்குச் சிவப்பு, இங்கிலாந்துக்கு வெள்ளைக் காற்சட்டை, ஸ்கொட்லாந்துக்கு நீலக் காலுறை, அயர்லாந்துக்கு அதன் மேல்விளிம்பில் பச்சை. கடல்வழியாக நாடு திரும்பும்போது அவர்கள் கொழும்பில் இறங்கி இலங்கை அணியோடு ஓர் ஆட்டம் ஆடினார்கள். துறைமுகத்தில் இளம் எழுதுவினைஞராக இருந்த அம்மப்பா, அன்று அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அதைப் பார்க்கப் போனார்.

அவர் ஒருநாளும் றக்பி ஆடியவரல்லர். விதிகளும் அவருக்கு முழுதாகத் தெரியாது. எங்கள் அணி எவ்வளவு புள்ளிகளால் தோற்றது என்பதை என் சிறுவயதில் அவர் எனக்குச் சொன்னதேயில்லை, நானும் கேட்டதில்லை. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: "அவங்கள் போற வழியிலை இறங்கி எங்களோட விளையாடினவங்கள்." இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலத்தில், ஆண்ட நாட்டிலிருந்து வந்தவர்கள் எங்கள் வெயிலில், எங்கள் புல்லில், எங்கள் ஆட்களைத் தோளால் மோதி விழுத்தவும் எங்கள் ஆட்களால் விழுத்தப்படவும் சம்மதித்தார்கள் என்பது அந்த இளைஞருக்குப் பெரிய செய்தியாக இருந்திருக்கவேண்டும். நான் வேல்ஸின் தலைநகரான கார்டிஃபுக்கு வந்து சேர்ந்தபோது இந்த ஆட்டத்தைப் பற்றி அறிந்திருந்தது அவ்வளவுதான்.

பிறகு இந்த நாட்டில் எனக்கு றக்பியைக் கற்பித்தவர்கள் நோயாளிகள். வேல்ஸில் உள்ள லனெத்லி என்ற ஊரைச் சேர்ந்த ஒரு முதியவர் எங்கள் வார்டில் பல வாரங்கள் இருந்தார். காலை மாத்திரையை விழுங்குவதற்கு முன்னரே 1972 ஒக்டோபர் 31 ஆம் திகதியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். அன்று ஸ்ட்ராடி பார்க் மைதானத்தில் அவருடைய ஊர் அணி, சுற்றுப்பயணம் வந்த நியூசிலாந்தை 9-3 என்று வென்றது. அணியைப் பழக்கியவர் கார்வின் ஜேம்ஸ். அதற்கு முந்தைய ஆண்டு நியூசிலாந்து மண்ணில் லயன்ஸ் வென்ற ஒரேயொரு தொடருக்கும் அவரே பயிற்றுநர். அன்றிரவு ஊரின் மதுக்கடைகளில் பியர் தீர்ந்துபோனதைச் சொல்லும்போது அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவேண்டும். ஆறு ஆண்டுகள் கழித்து, அதே ஒக்டோபர் 31 ஆம் திகதி, அயர்லாந்தின் லிமரிக் நகரில் மன்ஸ்டர் மாகாண அணி அதே நியூசிலாந்தை 12-0 என்று வென்றதை எனக்குச் சொன்னவரும் அவர்தான்.

இந்த இரண்டு வெற்றிகளும் லயன்ஸின் வரலாறல்ல என்று நீ சொல்வாய். உண்மைதான். ஆனாலும் சுற்றுப்பயணம் என்றால் என்ன என்பதை நான் விளங்கிக்கொண்டது இவற்றிலிருந்துதான். உலகக் கிண்ணம் போதும், அதில் எல்லா நாடுகளும் சமமாக மோதுகின்றன என்று எழுதியிருக்கிறாய். உலகக் கிண்ணத்தில் லனெத்லிக்கு எங்கே இடம்? ஒரு தகரத் தொழிற்சாலை நகரத்தின் ஆட்கள், கிழமை நாளொன்றில், உலகின் மிகச் சிறந்த அணியைத் தம் சொந்த மைதானத்தில் எதிர்கொள்ளும் வாய்ப்பை, ஊரூராகப் போய் ஆடும் அணி மட்டுமே கொடுக்க முடியும். 2013 இல் கன்பராவில் அந்த ஊரின் பிரம்பீஸ் அணி லயன்ஸை 14-12 என்று வென்றபோது அந்த ஊருக்கும் அதே வாய்ப்புத்தான் கிடைத்தது.

ஏகாதிபத்தியத்தின் எச்சம் என்ற உன் சொல் என்னைச் சுட்டது, ஏனென்றால் அது சரியான சொல். லயன்ஸின் மிகச் சிறந்த பயணம் என்று எல்லோரும் சொல்வது 1974 இல் தென்னாபிரிக்காவில் 22 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காத பயணம். அது போயிருக்கவே கூடாத பயணம் என்பது என் துணிபு. கறுப்பின மக்களைத் தம் சொந்த நாட்டிலேயே அந்நியராக்கி வைத்திருந்த அரசின் விருந்தாளிகளாக அவர்கள் போனார்கள். பிரித்தானிய அரசாங்கமே அதை எதிர்த்தது. வேல்ஸின் ஜோன் டெய்லர் மனச்சாட்சியின் பேரில் போக மறுத்தார். அந்தப் பயணத்தின் வெற்றிகளை விட அவருடைய மறுப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதே அணியைப் பற்றி இன்னொன்றையும் நீ அறியவேண்டும். 1972 இல் வட அயர்லாந்தில் வன்முறை உச்சத்தில் இருந்தபோது, வேல்ஸும் ஸ்கொட்லாந்தும் அச்சம் காரணமாக டப்ளினுக்குப் போய் ஆடவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, அந்த இரு நாடுகளின் வீரர்களும் இங்கிலாந்தின் வீரர்களும், வட அயர்லாந்தைச் சேர்ந்த வில்லி ஜோன் மக்பிரைட் என்பவரைத் தலைவராக ஏற்று, டப்ளின்காரரான ஃபேர்கஸ் ஸ்லாட்டரியோடு ஒரே அணியில் ஆடினார்கள். வீட்டில் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்த மக்களின் பிள்ளைகள் மூன்று மாதங்கள் ஒன்றாக உண்டு உறங்கினார்கள். நாங்கள் எந்தத் தீவிலிருந்து, எந்த ஆண்டுகளில் வெளியேறி வந்தோம் என்பதை அறிந்த உனக்கு, இதை நான் ஏன் மறக்கமுடியாமல் வைத்திருக்கிறேன் என்பதை விளக்கத் தேவையில்லை. அநீதியான இடத்துக்குப் போனதும் அரிதான ஒற்றுமையோடு போனதும் ஒரே அணிதான். ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க எனக்கு மனமில்லை.

வேல்ஸ்காரர் இல்லாத லயன்ஸ் உங்களுக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறாய். பிரிஸ்பேனில் அவுஸ்திரேலிய தேசிய அணியோடு நடந்த முதல் டெஸ்டின் 23 பேரில் எங்கள் ஆள் ஒருவரும் இல்லை என்பதைப் பார்த்தபோது வலித்தது. ஆனால் எங்கள் அணி 18 டெஸ்ட் போட்டிகளில் தொடர்ந்து தோற்று, யூலையில்தான் ஜப்பானில் ஒன்றை வென்றிருந்தது. தெரிவாளர்களைக் குறைசொல்ல நியாயமில்லை. அடுத்த சனிக்கிழமை, இரண்டாம் டெஸ்டுக்கு, நீ மெல்பேர்ண் மைதானத்தில் 90,307 பேரில் ஒருத்தியாக இருந்தாய், நான் இங்கே காலை உணவை மறந்து தொலைக்காட்சியின் முன்னால் இருந்தேன். 23-5 என்று பின்தங்கியிருந்த அணி, கடைசி நிமிடத்தில் ஹியூகோ கீனன் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் வைத்துப் போட்ட ட்ரையால் 29-26 என்று வென்றது. அதற்குச் சற்று முன் ஜக் மோர்கன் எதிராளியை மோதி விலக்கியது தவறா இல்லையா என்று உன் நண்பர்கள் இன்றும் சண்டையிடுவதாக எழுதியிருக்கிறாய். நடுவர் சரியென்றார், நானும் சரியென்கிறேன். ஆனால் மோர்கன் அன்றைய 23 பேரில் இருந்த ஒரேயொரு வேல்ஸ்காரர் என்பதால் என் தீர்ப்பை நீ பெரிதாக எடுக்கவேண்டியதில்லை.

உன் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வேறொன்று. 1950 இல் 29 ஆட்டங்கள். இம்முறை டப்ளினில் ஆர்ஜென்டீனாவிடம் தோற்றதையும் சேர்த்துப் பத்து. அவற்றிலும் அவுஸ்திரேலிய தேசிய அணியான வாலபீஸுக்குத் தேவையான வீரர்கள் பலர் தம் மாநில அணிகளுக்கு விடுவிக்கப்படாததால், கிழமை நாள் ஆட்டங்கள் வலுவிழந்தன. உன் நகரத்தின் ரெபெல்ஸ் கழகமோ கடன் தாங்காமல் முந்தைய ஆண்டே மூடப்பட்டுவிட்டது. நீ கோபப்படவேண்டியது இதற்குத்தான், மகளே. பயணத்தை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, மூன்று பெரிய மைதானங்களில் மூன்று பெரிய மாலைகளாக்கி விற்பவர்கள், நீ கலைக்கச் சொல்வதைத் தாமே மெதுவாகக் கலைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1977 இல் நியூசிலாந்தில் தொடரை இழந்து திரும்பிய லயன்ஸ், வழியில் பிஜியின் தலைநகரான சுவாவில் இறங்கியது. பிஜி அவர்களை 25-21 என்று வென்றது. இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் கழக றக்பியைத் தாங்கிநிற்கும் எத்தனையோ வீரர்களைப் பெற்ற அந்தத் தீவுகளுக்கு இப்போது யாரும் வழியில் இறங்குவதில்லை. 2029 இல் மறுபடி நியூசிலாந்தின் முறை வருகிறது. சுவாவிலும் சமோவாவின் ஆப்பியாவிலும் டொங்காவின் நுக்குஅலோபாவிலும் ஒவ்வோர் ஆட்டம் ஆடிவிட்டுப் போகட்டும் என்பது என் விருப்பம். அதனால் வரும் இலாபம் சிறிதாகத்தான் இருக்கும். வீரர்களின் களைப்பைப் பற்றி நீ கேட்டது சரியான கேள்விதான். அதற்கு வெட்டவேண்டியது அவர்களுடைய கழகப் பருவத்தின் நீளத்தை.

2027 செப்டெம்பரில் பெண்களின் லயன்ஸ் அணி முதன்முறையாக நியூசிலாந்துக்குப் போகிறது. முழங்கால் அனுமதித்தால் நான் வருவேன். உன் வாதம் மாறாவிட்டாலும் நீ என்னோடு வரவேண்டும். உனக்கு அது நாலு மணிநேரத்துக்கும் குறைந்த விமானப் பயணம்.

அதற்கு முன் எனக்கு ஒன்று செய். அந்த 90,307 பேரின் மாலையைப் பற்றி ஆறு பக்கங்கள் எழுதியிருக்கிறாய். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, ரெபெல்ஸ் ஆடியிருக்கவேண்டிய இடத்தில், அவுஸ்திரேலியப் பூர்வகுடி, பசிபிக் வம்சாவளி வீரர்கள் ஓர் அணியாகச் சேர்ந்து லயன்ஸோடு மோதி, ஐந்தே புள்ளிகளால், 24-19 என்று தோற்ற ஆட்டத்துக்கும் நீ போயிருக்கிறாய். அதற்கு ஒரே ஒரு வரிதான்: "அன்றைக்குத்தான் நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன், அம்மா." அருகில் யார் இருந்தார்கள், எந்த நேரத்தில் எழுந்து நின்றாய், அவர்கள் ட்ரை போட்டபோது மைதானம் எப்படி ஒலித்தது என்று எல்லாவற்றையும் எனக்கு எழுது. அம்மப்பாவிடம் நான் கேட்காமல் விட்டவை அவை.

அன்புடன்,
அம்மா