17 படங்களைத் தலையில் சுமந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

என் ஓவியக் கண்காட்சி முடிந்து இன்றோடு 12 நாட்கள் ஆகின்றன. சுவரில் அடித்த ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளைப் பூசி, மண்டபத்தைக் கூட்டித் திறப்பையும் கொடுத்துவிட்டேன். வந்தவர்கள் எழுதிய குறிப்பேடு என் மேசையில் இருக்கிறது. இரண்டு தடவை வாசித்துவிட்டேன். அந்த 24 படங்களும் சுவரேறுவதற்கு யார் யார் காரணமோ, அவர்களில் ஒருவருடைய கையெழுத்துக்கூட அதில் இல்லை. அவர்கள் வராமல் இல்லை. வந்தார்கள், நின்று பார்த்தார்கள், பேனையை நீட்டியபோது "நாங்கள் என்னத்தை எழுத, மனே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பக்கங்களை இப்போது நான் எழுதுகிறேன்.

பெயர்களைப் போடவில்லை. தச்சு வேலை செய்யும் ஓடாவியார் தன்னுடைய பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒருவருக்குப் போட்டு ஒருவருக்கு விட எனக்கு மனம் வரவில்லை. வாசிக்கும்போது உங்களை நீங்களே அடையாளம் காண்பீர்கள்.

முதலில் எங்கள் ஒழுங்கையில் உள்ளவர்களுக்கு.

2024ஆம் ஆண்டு நவம்பரின் கடைசி வாரத்தை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் யாரும் மறந்திருக்க முடியாது. வெள்ளத்தில் வயலுக்கும் வீதிக்கும் வேறுபாடு தெரியாமல் போன வாரம் அது. எங்கள் வீடு வாவிக் கரையை அடுத்தது. பின்விறாந்தையைத் தகரத்தால் அடைத்து நான் படம் வரையும் இடமாக்கி வைத்திருந்தேன். அன்று இரவு இரண்டு மணியளவில் மனைவி தட்டி எழுப்பினாள். விளக்கு இல்லை. காலைக் கீழே வைத்ததும் தண்ணீர். கைபேசி வெளிச்சத்தில் விறாந்தைக்குப் போனால், சுவரோடு சாத்தி வைத்திருந்த படங்களின் அடிக்கட்டைகளைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. முடிந்ததும் முடியாததுமாக 17 படங்கள். மூன்று வருட வேலை.

நான் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. பக்கத்து வீட்டுத் தம்பி தன் வீட்டு நெல் மூட்டையை மேசையில் ஏற்றிக்கொண்டிருந்தவன், எங்கள் பக்கத்து வெளிச்சத்தைக் கண்டுவிட்டு வேலியைத் தாண்டி வந்தான். அவன் பின்னால் இன்னும் நான்கு பேர். ஒருவன் தறப்பாள் கொண்டுவந்தான். படத்தைக் கமக்கட்டில் இடுக்கினால் மூலை தண்ணீரில் பட்டுவிடும் என்பதால், முகம் மேலே பார்க்க, தலையில் கிடத்தி, மேலே தறப்பாளைப் போர்த்து, முழங்காலளவு தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கொண்டுபோனார்கள். ஒழுங்கையின் முடிவில் மேல்மாடி வீட்டு அன்ரி, தன் மகளின் அறையில் இருந்த கட்டிலைக் கழற்றிச் சுவரோடு நிறுத்திவிட்டு, நிலத்தில் சேலைகளை விரித்து வைத்திருந்தார். நல்ல சேலைகள். "ஈரம் காயும், படம் காயுமா" என்று கேட்டார். அன்று இரவு அவர்களில் மூன்று பேருடைய வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அதில் ஒரு வீட்டில் பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள் முழுவதும் நனைந்துபோயின. என் படங்களைத் தூக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் அந்தப் புத்தகங்களைத் தூக்கியிருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. தம்பிமாரே, அன்ரி, இதற்கு நான் என்ன திருப்பித் தருவது என்று இன்னும் தெரியவில்லை.

17இல் 16 படங்கள் பெரிதாகப் பழுதில்லாமல் தப்பின. மிகப் பெரியது மட்டும் வேலிக் கடப்பில் சரிந்து, அடியில் நான்கு விரற்கிடை அளவுக்குச் சேற்றில் ஊறிவிட்டது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் மருதமுனையில் துணி நெய்யும் ராத்தாவை, அதாவது அந்த முஸ்லிம் அக்காவை, பற்றிச் சொல்ல வேண்டும்.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிப் போனபோது, வெளிநாட்டிலிருந்து வரும் கன்வஸ் என் கைக்கு எட்டாத பொருளாகிவிட்டது. கொழும்புக் கடையில் கேட்ட விலைக்கு எங்கள் வீட்டில் இரண்டு வாரம் சமைக்கலாம். சில மாதங்கள் பழைய படங்களின் முதுகில் வரைந்தேன். கடைசியில் கல்முனை பஸ்ஸில் ஏறி மருதமுனையில் இறங்கினேன். சாரமும் சேலையும் நெய்கிற ஊரில் சாயம் போடாத வெறும் பருத்தித் துணி கேட்டுப் போனவனை, நான்கைந்து வீடுகளில் விளங்காமல் பார்த்தார்கள். ராத்தா மட்டும் உள்ளே கூப்பிட்டு இருத்தி, எதற்கு என்று கேட்டார். படம் கீற என்றேன். வர்ணம் பின்பக்கம் ஊறிப் போகக் கூடாது, அதுதானே என்றார். பாவையும் ஊடையையும் நெருக்கி, 48 அங்குல அகலத்தில், எனக்கென்று தனியாக நெய்தார். நூல் அறுந்து முடிச்சுப் போட்ட இடங்களையெல்லாம் ஒரு பக்கத்துக்கே தள்ளி, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு நூலால் ஓர் இழை ஓட்டியிருந்தார். "சிவப்பு இருக்கிற பக்கம் முதுகு" என்றார். நான் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. தூரிகை முடிச்சில் தட்டினால் கோடு சிதறும் என்பது தூரிகையே பிடிக்காத அவருக்கு எப்படித் தெரிந்தது? கையால் வேலை செய்கிறவர்களுக்கு மற்றவர் கையின் இடைஞ்சலும் தெரிகிறது. 24 படங்களில் 19 படங்கள் அந்தத் துணியில் வரைந்தவை. பசை காய்ச்சிப் பூசி, அதன் மேல் சோக்குத் தூள் கலந்த வெள்ளை இரண்டு தடவை அடித்தால், அக்ரிலிக் வர்ணத்துக்கு அதைவிட நல்ல பிடிமானம் நான் கண்டதில்லை. ராத்தா, காசை மூன்று தவணையாக வாங்கிக்கொண்டதற்கும் சேர்த்து நன்றி.

பருத்திக்கு ஒரு குணம் உண்டு. நனைந்தால் சுருங்கும். சேற்றில் ஊறிய அந்தப் பெரிய படம் காய்ந்தபோது மத்தளத் தோல்போல இறுகி, சட்டத்தையே முறுக்கிவிட்டது. சுவரில் வைத்தால் ஒரு மூலை எழும்பி நின்றது. ஓடாவியாரிடம் கொண்டுபோனேன். அவருடைய வீட்டிலும் வெள்ளம் வந்து போய் ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. ஊரெல்லாம் கதவு நிலைகள் ஊதிப்போய், அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனாலும் படத்தைக் கையில் வாங்கி, ஒரு சணல் நூலை மூலைக்கு மூலை பிடித்தார். பிறகு மற்ற இரண்டு மூலைகள். நூலில் ஒரு விரல் அகலம் வித்தியாசம். ஒன்றும் சொல்லாமல் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துணியைத் தளர்த்தி, பழைய முதிரைப் பலகையில் புதுச் சட்டம் அடித்து, மறுபடியும் நூலைப் பிடித்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கூலி வாங்கவில்லை. "வெள்ளத்து வேலைக்குக் கூலி இல்லை" என்றார். அந்த மாதம் அவர் எத்தனை வீட்டில் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அடியில் வெள்ளைப் பூச்சுப் பொருக்காக எழும்பிய இடத்தைச் சுரண்டி, திரும்பப் பூசி, தண்ணீரை மறுபடி வரைந்தேன். கண்காட்சியில் நுழைந்ததும் எதிரே தொங்கிய படம் அதுதான்.

அந்தப் படத்தின் தண்ணீரை எனக்குக் கற்றுத் தந்தவர் தோணிக்கார மாமா. கிழக்கே எழுவான்கரையிலிருந்து பார்க்கும் வாவி வேறு, மேற்கே படுவான்கரையிலிருந்து பார்க்கும் வாவி வேறு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டுமே கரையிலிருந்து பார்ப்பதுதான் என்பதை அவருடைய தோணியில் ஏறிய பிறகுதான் உணர்ந்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு வலை இழுக்கப் போகும்போது, ஓர் ஆள் பாரம் கூடினால் அவருக்கு எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஏழு மாதங்களில் முப்பது தடவைக்கு மேல் ஏற்றிப் போயிருப்பார். முதல் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கச்சான் காற்று அடிக்கும் ஒரு மத்தியானத்தை வரைந்திருந்தேன். நல்ல நீலத் தண்ணீர். மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கச்சானில் வாவிக்கு நீலம் இல்லை, மனே. சாம்பல்தான். அதுவும், காற்று படுவான்கரையிலிருந்து வருகிறதென்றால் அலை ஏன் தெற்கே போகிறது?" என்று கேட்டார். நான்கு வருடம் கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்தவன் நான். அங்கே என் ஆசிரியர்கள் "பார்த்து வரை, நினைத்து வரையாதே" என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார்கள். அவர்கள் சொன்னதன் பொருள் அன்று தோணியில் வைத்துத்தான் எனக்குப் பிடிபட்டது. அந்த ஆசிரியர்களுக்கும் இந்த இடத்திலேயே என் வணக்கம்.

வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தின் கீழே, முழுநிலவுள்ள ஒரு பறுவ இரவில், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையை என் காதில் வைத்தவரும் மாமாதான். வாவியில் பாடும்மீன் உண்டு என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த எனக்கு, அதைக் காதால் கேட்க 38 வயதாக வேண்டியிருந்தது. தந்தியை மெல்ல மீட்டி விட்டதுபோல ஓர் ஒலி. பிறகு இன்னொன்று, கொஞ்சம் தாழ்ந்து. அந்த இரவை வரைந்த படத்தில் மீன் இல்லை, நிலவும் இல்லை. கறுப்போடு நெருங்கிய பச்சையும், துடுப்பில் சாய்ந்த ஒரு காதும் மட்டும். அதன் முன்னால் பலர் நெடுநேரம் நின்றார்கள்.

கூத்துப் படங்களுக்கு நான் கடன்பட்டிருப்பது படுவான்கரையில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கு. எட்டுப் படங்கள். சதங்கை அணிதலிலிருந்து அரங்கேற்றம் வரை அவருடைய களரியில் ஒரு மூலையில் குந்தியிருந்து கீறினேன். சுற்றிவரச் சனம் இருந்து பார்க்கும் வட்டக்களரியில் முன்பக்கம் என்று ஒன்று இல்லை; எந்தப் பக்கம் இருந்தாலும் ஒருவருடைய முதுகு தெரியும். ஒரு வருடம் அதோடு போராடினேன். கடைசியில் வட்டமாக விரிந்து நிற்கும் கரப்புடுப்போடு சுழலும் ஒரு வடமோடிக் கூத்து அரசனை வரைந்து எடுத்துப் போனேன். உடுப்பு நன்றாக வந்திருக்கிறது என்றார். கொஞ்சம் பொறுத்து, "இந்தக் கால் எந்தத் தாளக்கட்டில் நிற்கிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எழுபதை நெருங்கும் மனிதர், முழங்கால் வலிக்காரர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். வாயாலேயே தாளம் சொல்லி அந்த அடியை ஆடினார். குதி நிலத்தில் படாமல், விரல்கள் மட்டும் மணலைக் கவ்விப் பிடித்த அந்தக் கணத்தில் நிறுத்தி, "கீறு" என்றார். நான் கீறி முடிக்கும்வரை அப்படியே நின்றார். கால் நடுங்கியது, இறக்கவில்லை.

அந்தப் படத்துக்குக் கண்காட்சியில் நல்ல விலை கேட்டார்கள். கொடுக்கவில்லை. அது அவருடைய ஊர் வாசிகசாலைக்குப் போகிறது. அவரும் சம்மதித்துவிட்டார்.

ஓவியனாகச் சீவிப்பது எப்படி என்று என் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். மறைக்க ஒன்றும் இல்லை. ஒரு வருடத்தில் ஆறு ஏழு படங்கள் விற்றால் அது நல்ல வருடம். மற்றபடி கடைப் பெயர்ப்பலகை, பாலர் பாடசாலைச் சுவர், வைகாசிச் சடங்குக்கு முன் அம்மன் கோயில் மண்டப வேலை, சாதாரண தரச் சித்திர வகுப்பு, இவைதான் அடுப்பெரிக்கின்றன. ஒரு விடுதிக்காரர் நான்கு படங்கள் வாங்கி, பாதிப் பணத்தை இன்னும் தரவில்லை. அப்படியும் நடக்கும். இந்த மூன்று வருடத்தில் மாதம் தவறாமல் வந்தது என் மனைவியின் பாலர் பாடசாலைச் சம்பளம் ஒன்றுதான். ஒரு நாள்கூட அதை அவள் சொல்லிக் காட்டியதில்லை. நகரத்து ஹாட்வெயார் முதலாளி வெள்ளை எமல்ஷனைக் கடனாகத் தந்து கொப்பியில் எழுதிவைத்தார். சென்ற கிழமை அந்தக் கடனை முடித்தபோது, பக்கத்தைக் கிழித்து என் கையிலேயே தந்துவிட்டார். அது இப்போது விறாந்தைச் சுவரில் இருக்கிறது.

பிள்ளைகளே, மூன்று நாளும் வாசலில் நின்று, வந்த ஒவ்வொருவருக்கும் படத்தை விளக்கினீர்கள். நான் சொல்லிக் கொடுக்காத விளக்கங்கள் சிலவற்றையும் கேட்டேன். அவை நன்றாக இருந்தன. படங்களை ஏற்றி இறக்கிய பட்டா லொறித் தம்பிக்கும், மண்டபத்தில் மின்சாரம் நின்றபோது தன் ஜெனரேற்றரைத் தள்ளிக்கொண்டு வந்த முன்கடை அண்ணனுக்கும், காத்தான்குடியிலிருந்து குடும்பத்தோடு இரண்டு தடவை வந்த நானாவுக்கும் என் நன்றி.

அம்மாவுக்கு இந்த மடலை நானே வாசித்துக் காட்டுவேன். அவருக்கு இப்போது எழுத்துத் தெரிவதில்லை.

விற்காத 13 படங்கள் விறாந்தையில்தான் இருக்கின்றன. இம்முறை நிலத்தில் இல்லை. ஓடாவியார் இடுப்பளவு உயரத்தில் ஒரு தட்டு அடித்துத் தந்திருக்கிறார். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வெளிச்சம் நன்றாக விழும். குறிப்பேட்டில் எழுத மறுத்தவர்கள் எல்லோரும் அப்போது வாருங்கள். தேநீர் ஊற்றித் தருகிறேன்.

என்றும் உங்களுக்குக் கடன்பட்ட,
உங்கள் ஒழுங்கை ஓவியன்
மட்டக்களப்பு