'பண்டேஜ் ராணி'யின் பதில்

வெள்ளவத்தை

அன்புள்ள சுபா,

தொலைபேசியில் நீ திட்டியதற்கு ஆறுதலாக எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். கமலா அக்கா இளைப்பாறிய பிறகும் வாட்டுக்கு வந்து தாதிப் பிள்ளைகளை அதட்டிவிட்டுத்தான் போகிறார். தீவிர சிகிச்சைப் பிரிவை விட்டுவிட்டு, நீரிழிவுக்காரரின் பாதப் புண்ணுக்கு மருந்து கட்ட நானாகவே கேட்டுப் போனது பைத்தியக்காரத்தனம் என்றாய். பயிற்சிக் காலத்தில் எனக்கு 'பண்டேஜ் ராணி' என்று பட்டம் சூட்டியவளே நீதானே!

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் தேறிப் பேசத் தொடங்கும் வேளையில் வேறு வாட்டுக்கு அனுப்பிவிடுவோம். பிறகு அவர் எழுந்து நடந்தாரா என்பது நமக்குத் தெரியவராது. இங்கே அப்படியில்லை. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை ஒருவர், செருப்பைத் துளைத்து ஏறிய ஆணியோடு பகல் முழுவதும் வண்டி இழுத்திருக்கிறார். சீனி வருத்தம் நரம்பைக் கெடுத்திருந்ததால் வலி தெரியவில்லை, இரவில் மனைவிதான் இரத்தத்தைக் கண்டிருக்கிறார். அவர் காலில் சுற்றியிருந்த கட்டைப் பிரித்தபோது எழுந்த நாற்றத்தை உனக்கு விவரிக்கத் தேவையில்லை. வைத்தியர் இறந்த தசையை வெட்டி அகற்ற, நான் சேலைனால் கழுவிக் கட்டிவந்தேன். வாரங்கள் கழித்து ஒரு காலை, மஞ்சள் படலத்தின் ஓரத்தில் மாதுளை முத்துப் போலப் புதுத் தசை சிவந்து எழும்பியிருந்தது. "என்ன மிஸ்ஸி, தனியச் சிரிக்கிறீங்க?" என்று நாட்டாமை கேட்டார்.

ஆனால் காலில் பாரம் ஏறாமல் இருந்தால்தான் புண் ஆறும்; பாரம் சுமந்தால்தான் அவருக்குக் கூலி. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், இழந்த கூலிக்கு எந்தக் கிளினிக்கிலும் துண்டு எழுத முடியாது. ஆகவே அவருடைய முதலாளிக்கு நானே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இப்போது கதிரையில் இருந்தபடி மூட்டைகளை எண்ணி எழுதுகிறார், காலும் தப்பிவிட்டது. அந்தக் கடிதம் என் கடமைப் பட்டியலில் இல்லை, ஆனாலும் நான் செய்த வேலைகளில் அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

இதைக் கேட்டு என்னைத் தியாகியாக்கிவிடாதே. அர்ப்பணிப்பு என்று மேடையில் மாலை போட்டுவிட்டு மேலதிக நேரக் கொடுப்பனவை இழுத்தடிப்பவர்களைக் கண்டால் எனக்கும் எரிச்சல்தான். மனநிறைவைச் சம்பளத்துக்கு ஈடாகக் காட்டுவது மோசடி. 2022இல் மருந்துமில்லை, பெற்றோலுமில்லை என்று இருந்தபோது நீ இலண்டனுக்குப் புறப்பட்டதை நான் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை.

ஒரு காரியம் செய். பாதத்தில் உணர்ச்சி பார்க்கும், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழை எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. பத்துப் பேரைப் பரிசோதித்தால் அதற்கு 24 மணித்தியால ஓய்வு கொடுக்க வேண்டுமாம். நமக்கு வாய்க்காத யோகம் அதற்கு! யாராவது இங்கே வரும்போது நாலைந்து கொடுத்துவிடு. அங்கே புண்காரருக்கு எந்த விதமான செருப்புக் கொடுக்கிறார்கள் என்பதையும் விசாரித்து, படத்தோடு எழுது.

அன்புடன்,
வாசுகி