பழைய இராணுவ ரைஃபிள் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழுவிற்குப் பின் நம் சங்கத்தில் நடந்த பணிகளைத் தங்கள் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடைபெற்றன. புதிதாகச் சேர்ந்தவர்களில் இன்னும் ஒரு துப்பாக்கியும் வாங்காதவர்கள் சிலர் இருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. வாங்குவதற்கு முன்பே கற்க வந்திருக்கிறார்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இவ்வாண்டின் முதன்மையான பணி பதிவேடு. உறுப்பினர் எவரிடம் ஒரு ரைஃபிள் வந்தாலும், அதன் திருகு ஒன்றைக்கூடத் தொடுவதற்கு முன், அதிலுள்ள எல்லா முத்திரைகளையும் எண்களையும் படம் எடுத்து, அவை எந்தப் பகுதியில் உள்ளன என்று எழுதி வைப்பது என முடிவு செய்து தொடங்கினோம். விற்பவர் சொல்லும் கதை கைமாறும்போதெல்லாம் வளர்ந்துகொண்டே போகும் இயல்புடையது. உலோகத்திலும் மரத்திலும் பதிந்த குறிகளையோ யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கலாம். ஆனால் அவற்றையும் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்பதை ஆய்வு அமர்வுகள் நமக்குக் காட்டின.

முதல் அமர்வில் ஸ்னைடர்-என்ஃபீல்டு ஒன்றை எடுத்துக்கொண்டோம். அதன் விசைப்பூட்டுத் தகட்டில் 1861 என்றிருக்க, பிரிட்டன் இராணுவம் ஸ்னைடர் முறையை ஏற்றதோ 1866-இல். இது போலி என்று சிலர் ஐயுற்றனர். உண்மையில், வாய்வழியே மருந்து கெட்டித்த 1853 மாதிரி என்ஃபீல்டுகளின் குழலைப் பின்புறம் வெட்டி, பக்கவாட்டில் திறக்கும் மூடியைப் பொருத்தியே தொடக்கக்கால ஸ்னைடர்கள் உருவாக்கப்பட்டன; தகட்டின் ஆண்டு பழையதாக இருப்பது இயல்பே. பின்லாந்தின் எம்-39 ரைஃபிள்களிலும் இதே நிலைதான். ரஷ்யாவின் மோசின்-நாகன் ரைஃபிள்களின் உடற்பகுதியை, அதாவது குழல் வந்து பொருந்தும் நடு உலோகப் பகுதியை, எடுத்துப் புதிய குழலும் மரக்கட்டையும் பூட்டி பின்லாந்தினர் அவற்றை ஆக்கினர். கட்டையைக் கழற்றினால் அடியில் ஜார் காலத்து ஆண்டும், வெளியே சதுரத்துக்குள் அடைத்த எஸ்.ஏ. என்னும் பின்லாந்துப் படை முத்திரையும் தென்படலாம். இரண்டு படைகளின் வரலாறு ஒரே பொருளில் அமைந்திருப்பதைக் கையில் ஏந்திப் பார்ப்பதைவிட இத்துறையில் பெரிய நிறைவு இல்லை என்பது என் எண்ணம்.

பகுதிகளில் பதிந்த வரிசை எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதற்காகவே ஒரு ரைஃபிளைத் தள்ளிவிடும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையிடம் சிக்கிய ஜெர்மானிய 98கே மவுசர்கள் மொத்தமாகப் பிரித்துச் செப்பனிடப்பட்டபோது, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் ஓரிடமும் குழல் ஓரிடமும் சென்றன. பின்னர் மின்னூசியால் புதிய எண் கீறப்பட்டது. அந்தக் கீறலும் வரலாற்றின் பகுதியே. அதை அழித்துவிட்டு ‘பொருந்தும்’ எண்ணை அச்சிடுபவர்தான் ஏமாற்றுகிறார். ஜப்பானின் அரிசாகா ரைஃபிள்களில் 16 இதழ் கொண்ட செவ்வந்தி முத்திரை, 1945-இல் சரணடைந்தபோது பலவற்றில் தேய்த்து அழிக்கப்பட்டது. முத்திரை முழுமையாக இருந்தால் விலை கூடும் என்பதால் அதை மீண்டும் செதுக்கித் தருபவர்களும் உள்ளனர். தேய்க்கப்பட்ட இடம் ஒரு போரின் முடிவைச் சொல்கிறது. புதிதாகச் செதுக்கிய பூ எதையும் சொல்வதில்லை. அத்தகைய திருத்தத்தை நம் உறுப்பினர் எவரும் செய்யக் கூடாது, செய்யத் தூண்டவும் கூடாது என்று செயற்குழு ஒருமனதாகத் தீர்மானித்துள்ளது.

பராமரிப்பைப் பொறுத்தவரை, இவ்வாண்டு நாம் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவை ஆர்வமிகுதியால் நேர்ந்தவை. கட்டையை உப்புத்தாளால் தேய்த்தால் இராணுவ ஆய்வாளர் மரத்தில் இட்ட முத்திரைகள் திரும்பிவராமல் போய்விடும். மென்துணியால் துடைத்து, தேவையெனில் ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசினால் போதும். உலோகத்தின் கருநீல மெருகு மங்கியிருந்தால் மங்கியபடியே இருக்கட்டும். செந்துரு படர்ந்த இடத்தில் மட்டும் எண்ணெய் தடவி, மிக நுண்ணிய எஃகு இழையால் பொறுமையாக எடுக்கலாம். தோல் உறைக்குள் நீண்டகாலம் வைக்கக் கூடாது, ஏனெனில் தோல் ஈரத்தை ஈர்ப்பதோடு அதைப் பதனிட்ட அமிலங்கள் உலோகத்தை அரிக்கும். பழைய இராணுவத் தோட்டாக்களைச் சுட்ட குழலை எண்ணெயால் மட்டும் துடைப்பவர்களுக்கு ஒரு விளக்கம்: அந்தத் தோட்டாக்களின் அடியில் மருந்துக்குத் தீ மூட்டும் பிரைமர்களிலிருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடாக, அதாவது உப்பாகப் படிகிறது. உப்பு எண்ணெயில் கரைவதில்லை. முதலில் வெந்நீர் விட்டுக் கழுவி, நன்கு உலர்த்தி, பிறகே எண்ணெய் இட வேண்டும்.

பாதுகாப்பு குறித்து இரண்டு செய்திகளைக் கண்டிப்புடன் சொல்ல விரும்புகிறேன். வாய்வழி கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள் மருந்தும் குண்டும் உள்ளிருக்கவே பரணிலிருந்து வருவது புதிதல்ல. ஈரம் படாத கரிமருந்து எத்தனை தலைமுறை கடந்தாலும் தீப்பிடிக்கும். குழலின் வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு, கெட்டிக்கும் கோலை உள்ளே இறக்கி, வாயருகே அடையாளமிட்டு, அதே நீளத்தைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்து அளக்க வேண்டும். கோல் அடிவரை செல்லாமல் நின்றிருந்தால் அதை அப்படியே தகுதிபெற்ற துப்பாக்கி வல்லுநரிடம் ஒப்படைக்க வேண்டும். தாமே தோண்டி எடுக்க எவரும் முயலக் கூடாது.

மற்றொன்று அமெரிக்க 1903 ஸ்பிரிங்ஃபீல்டு பற்றியது. தொடக்கத்தில் அதன் உடற்பகுதியைச் சூடேற்றிக் கடினமாக்கியவர்கள் வெப்பத்தை உலோகத்தின் நிறத்தைக் கொண்டு கண்ணாலேயே மதிப்பிட்டனர். மேகமூட்டமான நாளிலும் வெயில் நாளிலும் அந்த நிறம் வேறுவேறாகத் தெரிந்ததால் சிலவற்றின் எஃகு நொறுங்கும் தன்மை பெற்றது. எனவே ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையின் 8,00,000-க்கும், ராக் ஐலண்டு சாலையின் 2,85,507-க்கும் கீழான வரிசை எண் கொண்டவற்றைச் சுடுவதற்கு எடுப்பதில்லை என்பதே சேகரிப்போரிடையே நிலவும் நடைமுறை. நம் சங்கமும் அதையே விதியாகக் கொள்கிறது. அவை பார்வைக்கும் படிப்புக்கும் உரியவை.

உரிமங்களையும் பதிவுகளையும் உறுப்பினர்கள் அனைவரும் உரிய காலத்தில் புதுப்பித்திருப்பதைச் சரிபார்த்தேன். பழமையானது என்பதாலேயே சட்டத்திலிருந்து விலக்கு உண்டு என்று எவரும் தாமாக முடிவு செய்ய வேண்டாம். ஒவ்வொரு நாட்டின் சட்டமும் பழமையை வேறு வேறு வகையில் வரையறுக்கிறது.

வரும் ஆண்டில் பிரிட்டன் இராணுவத்தின் மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்களின் முத்திரைகளை வகைவாரியாகத் தொகுக்கும் பணியைத் தொடங்க எண்ணியுள்ளோம். 1871-இல் ஏற்கப்பட்ட அந்த ரைஃபிளின் அமைப்பில் பின்னர் மாற்றங்கள் பல செய்யப்பட்டதாலும், குழல் மாற்றப்பட்டு .303 அங்குலத் தோட்டாவுக்கு உருமாறியவையும் இருப்பதாலும், தம்மிடமுள்ளவற்றின் படங்களை உறுப்பினர்கள் முதல் காலாண்டுக்குள் பதிவேட்டுப் பொறுப்பாளரிடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அமர்வுகளுக்காகத் தம் சேகரிப்பைத் தயங்காமல் திறந்துகாட்டிய மூத்த உறுப்பினர்களுக்கு நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்